டிரெடிலில் அச்சு கெட்டால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காலால் மிதித்தோ சிறு மோட்டார் பூட்டியோ ஓட்டி, கையால் தாள் ஊட்டும் அச்சு எந்திரத்தைத் தமிழ்நாட்டு அச்சகங்களில் டிரெடில் என்றே சொல்லிவந்தார்கள். ஆப்செட் பரவிய பிறகு பெரும்பாலானவை பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டன. மிஞ்சியவை பில் புத்தகத்துக்கு எண் போடவும், கிழிப்பதற்குத் துளைக்கோடு இடவும், அட்டையில் மடிப்புத் தடம் பதிக்கவும் இன்னும் ஓடுகின்றன. எழுத்து பதிந்த தடம் விரலுக்குத் தட்டுப்படும்படி திருமண அழைப்பிதழ் வேண்டும் என்று கேட்பவர்கள் இப்போது வருவதால், மூலையில் கிடந்த எந்திரத்தைத் துடைத்து மறுபடி ஓட்டத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். ஓட்டத் தெரிந்தும், அச்சு சரியாக விழாதபோது எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இந்தக் குறிப்பு எழுதப்படுகிறது.

எந்தக் குறை தெரிந்தாலும் கை முதலில் மைக்கத்தியைத் தேடும். அதிலும் சரியாகவில்லை என்றால் பேக்கிங்கில், அதாவது தாளை எழுத்தின் மேல் அழுத்தும் தட்டில் அந்தத் தாளுக்குப் பின்னால் வைக்கும் அடுக்கில், இன்னொரு தாளைச் செருகும். இவை இரண்டும் கடைசியாகத் தொட வேண்டியவை. ஃபாரம் (சட்டத்தில் கோத்த எழுத்துத் தொகுதி) சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறதா, எழுத்தும் பிளாக்கும் (படத்துக்கான அச்சுக்கட்டை) ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, ரோலர் எழுத்தின் முகத்தை மட்டும் தொட்டுப் போகிறதா, பேக்கிங் அளவாக இருக்கிறதா, மை அளவாக இருக்கிறதா என்ற வரிசையில்தான் பார்த்துவர வேண்டும். பூட்டில் உள்ள கோளாறைப் பேக்கிங்காலும், ரோலரில் உள்ள கோளாறை மையாலும் ஓரளவு மறைத்துவிட முடியும் என்பதே ஆபத்து; மறைத்தபடி ஆயிரம் தாள் ஓட்டினால் எழுத்து தேய்ந்து போயிருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு தாள் அடித்துப் பார்ப்பதும், அந்தத் தாளின் மேல் என்ன மாற்றினோம் என்று பென்சிலால் எழுதி வரிசையாக வைப்பதும் நேரத்தை வீணாக்குவது போலத் தோன்றினாலும் அரை நாளை மிச்சப்படுத்தும்.

சோதனைத் தாளை எப்போதும் இருபுறமும் பார்க்க வேண்டும். முகப்பில் மை எப்படி விழுந்திருக்கிறது என்பது தெரியும். முதுகைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அழுத்தம் எங்கே விழுந்திருக்கிறது என்பது தெரியும். முகப்பில் ஓர் எழுத்து வெளிறியிருந்து, முதுகில் அதன் தடம் நன்றாகத் தெரிந்தால் அங்கே அழுத்தம் போதாமல் இல்லை, மைதான் போய்ச் சேரவில்லை. பேக்கிங் கூட்டினால் கேடுதான் மிஞ்சும். இரண்டும் இல்லை என்றால் அந்த எழுத்தோ பிளாக்கோ உயரம் குறைந்தது. கீழே சொல்லப்படும் பெரும்பாலான முடிவுகள் இந்த ஒரு பார்வையிலிருந்தே தொடங்குகின்றன.

ஒரு பக்கம் கறுத்தும் மறுபக்கம் வெளிறியும் விழுகிறது

முதலில் வெளிறலின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்துகள் வெளிறியிருந்தால் புது எழுத்தும் தேய்ந்த எழுத்தும் கலந்து கோக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். ஒரு பிளாக் முழுவதும் வெளிறி, சுற்றியுள்ள எழுத்துகள் சரியாக இருந்தால், பிளாக் ஏற்றிய மரக்கட்டை தணிந்திருக்கிறது. தாளின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை படிப்படியாக வெளிறிக்கொண்டே போனால்தான் எந்திரத்தின் தட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டிஷ், அமெரிக்க அளவில் எழுத்தின் உயரம் 0.918 அங்குலம், அதாவது ஏறக்குறைய 23.3 மில்லிமீட்டர். இந்தியாவில் பழகிவந்ததும் இதுவே. ஜெர்மனியிலோ பிரான்சிலோ வார்த்த பழைய எழுத்து 23.56 மில்லிமீட்டர் உயரம் உடையது. இணையத்தில் அழகாக இருக்கிறதே என்று வாங்கிய அலங்கார எழுத்தை நம் எழுத்தோடு கலந்து பூட்டினால் அது மட்டும் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மெல்லிய டிஷ்யூ தாள் ஒன்றின் கனம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அந்தக் கணக்கில் இது ஒன்பது, பத்துத் தாள் வேறுபாடு; எந்தப் பேக்கிங்காலும் இதைச் சரிசெய்ய முடியாது.

பிளாக் தணிந்திருந்தால் அதன் அடியில் தாள் ஒட்டி உயர்த்த வேண்டும். தணிந்த பிளாக்கை ரோலரும் சரியாகத் தொடாது என்பதால், டிம்பனுக்கு (தட்டின் மேல் இழுத்துப் பூட்டிய உறைத்தாள்) பின்னால் தாள் வைத்து அழுத்தத்தை மட்டும் கூட்டுவது பாதி மருந்துதான். உயரம் சரியாக இருந்தும் பெரிய கறுப்புப் பரப்புக்கு அழுத்தம் கூடுதலாகவும், மெல்லிய கோடுகளுக்குக் குறைவாகவும் தேவைப்படுவதுதான் டிம்பனுக்கு அடியில் ஒட்டுத்தாள் வைக்க வேண்டிய இடம். இதற்கு அச்சகத்தில் மேக்ரெடி என்று பெயர். செய்முறை இது: நல்ல தாள் ஒன்றில் அடித்து, வெளிறிய இடங்களைப் பென்சிலால் வளைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும், அதே தாளை டிம்பனில், தாளின் விளிம்பை நிறுத்தும் கேஜ் பின்களுக்கு ஒட்டி வைத்தபடியே கத்தி முனையால் இரண்டு இடத்தில் டிம்பனோடு சேர்த்துக் குத்திவிட வேண்டும், பிறகு குறித்த இடங்களில் டிஷ்யூ தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழித்து ஒட்ட வேண்டும். வெட்டிய விளிம்பு அச்சில் ஒரு கோடாகத் தெரியும். கிழித்த விளிம்பு தெரியாது. அந்தத் தாளை டிம்பனுக்கு அடியில், குத்திய துளைகள் ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி வைத்தால் ஒட்டுகள் தத்தம் இடத்துக்கு நேராக நிற்கும். ஒட்டுப் பசை மிகக் குறைவாக இருக்கட்டும். கட்டியாகிப்போன பசையும் ஒரு தாளின் கனத்துக்குச் சமம்.

விளிம்பிலிருந்து விளிம்புக்கு வெளிறல் இருந்தால், முதல் கேள்வி பேக்கிங் எவ்வளவு என்பது. ஒரு டிம்பன் தாள், வழவழப்பான கெட்டி அட்டை ஒன்று, சில வெள்ளைத் தாள்கள் என எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருப்பது வழக்கம். கீழ்ப்பக்கம் கீலில் மாட்டி வாய் மூடுவதுபோல் மூடும் எந்திரங்களில், பேக்கிங் மிகுந்தால் தட்டும், ஃபாரத்தைத் தாங்கும் படுகையும் இணையாக வந்து நிற்பதற்கு முன்பே கீழ்ப்பக்கம் முட்டிக்கொள்ளும். கீழ் வரிகள் கறுத்து மேல் வரிகள் வெளிறும். பேக்கிங் குறைந்தால் இதற்கு நேர் எதிர். ஆகவே தட்டின் முதுகில் உள்ள திருகுகளைத் தொடும் முன் இரண்டு தாளை எடுத்தோ வைத்தோ பார்ப்பது நல்லது.

அதன் பிறகும் சாய்வு இருந்தால் மட்டும் தட்டைச் சமன்படுத்தலாம். ஒரே அச்சில் வார்த்த, தேயாத பெரிய எழுத்து நான்கை, சேஸ் என்னும் இரும்புச் சட்டத்தின் நான்கு மூலைகளுக்கு அருகில் வைத்துப் பூட்டி, வழக்கமான பேக்கிங்கோடு மெதுவாக அடித்து, முதுகுத் தடத்தை ஒப்பிட வேண்டும். மூலைக்கு ஒன்றாக இருக்கும் திருகின் பூட்டு நட்டைத் தளர்த்தி, ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாமல், ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு தாள் அடித்துப் பார்க்க வேண்டும். சில எந்திரங்களில் நடுவிலும் ஒரு திருகு இருக்கும். மூலைகளைத் திருத்தும்போது அதைத் தளர்த்தி வைத்து, கடைசியில் தட்டின் முதுகைத் தொடும் அளவுக்கு மட்டும் ஏற்ற வேண்டும். ஒருமுறை சரியாக வைத்த திருகை வேலைக்கு வேலை மாற்றிக்கொண்டிருப்பவரின் எந்திரம் ஒருநாளும் சமனாக நிற்பதில்லை.

எழுத்தின் ஓரத்தில் மை விளிம்பு கட்டுகிறது

எழுத்தின் நடுப்பகுதி வெளிறி, ஓரத்தில் கறுத்த கோடு ஓடும். சில நேரம் எழுத்தின் தோள்பட்டையில் ஏறிய மை தாளில் நிழலாக விழும். இதை மை மிகுதி என்று நினைத்து மையைத் துடைத்தால் நடுப்பகுதி இன்னும் வெளிறும். கோளாறு ரோலரில்.

ரோலரின் இரு முனையிலும் சக்கரங்கள் உண்டு; அவை படுகையின் இருபக்கமும் உள்ள தண்டவாளத்தில் உருண்டு, ரோலரை எழுத்தின் முகத்துக்குச் சரியான உயரத்தில் தாங்கிப் போகின்றன. ரோலரின் விட்டமும் சக்கரத்தின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். ரோலர் ஊதியிருந்தாலோ சக்கரம் தேய்ந்திருந்தாலோ, ரோலரின் பரப்பு ஒரு வேகத்திலும் சக்கரம் இன்னொரு வேகத்திலும் போக முயலும். அப்போது ரோலர் எழுத்தின் மேல் உருளாமல் வழுக்கி, மையை ஓரத்துக்குத் தள்ளிவிடும். தண்டவாளத்தில் எண்ணெய் பட்டிருந்தாலும் இதே கதைதான்: சக்கரம் உருளாமல் சறுக்கும். எந்திரத்தில் எண்ணெய் படவே கூடாத இடம் ஒன்று உண்டு என்றால் அது இந்தத் தண்டவாளம். ஒவ்வொரு வேலைக்கு முன்பும் துணியில் கெரசின் தொட்டுத் துடைத்து உலர விட வேண்டும்.

உயரத்தைச் சோதிக்க, 0.918 அங்குல விட்டமுள்ள உலோக உருளையைக் கைப்பிடியில் பொருத்திய அளவுகோல் கிடைக்கிறது. மை பூசிய ரோலருக்கு அடியில் படுகையின் மேல் வைத்து இழுத்தால் அதன் மேல் மைக்கோடு விழும். அந்தக் கோடு இரண்டு மில்லிமீட்டரை ஒட்டி, மேலும் கீழும் இடமும் வலமும் ஒரே அகலத்தில் இருந்தால் ரோலர் சரி. நாலைந்து மில்லிமீட்டர் இருந்தால் ரோலர் தாழ்ந்திருக்கிறது. தண்டவாளத்தில் பட்டையான ஒட்டு நாடாவை ஓர் அடுக்கு ஒட்டிச் சக்கரத்தை உயர்த்த வேண்டும். கோடே விழவில்லை என்றால் ரோலர் சுருங்கியிருக்கிறது, அல்லது நாடா மிகுந்திருக்கிறது. அளவுகோல் இல்லாதவர்கள், தேயாத பெரிய எழுத்து ஒன்றைச் சேஸின் ஒவ்வொரு மூலையிலும் பூட்டி, தாள் வைக்காமல் ரோலரை ஒருமுறை மட்டும் கையால் இறக்கி ஏற்றி, எழுத்தின் முகத்தில் மட்டும் மை இருக்கிறதா, பக்கச் சுவரிலும் வழிந்திருக்கிறதா என்று நேரில் பார்க்கலாம். அளவுகோலுக்கு ஈடாகாது, ஆனால் பொய் சொல்லாது.

ஒரு பக்கத் தண்டவாளம் மட்டும் அதிகம் தேய்ந்த பழைய எந்திரங்கள் நிறைய உண்டு. நாடாவை இருபக்கமும் சமமாகவே ஒட்ட வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. மைக்கோடு சமமாக வருவதுதான் கணக்கு.

புள்ளியும் சுழியும் அடைத்துக்கொள்கின்றன

தமிழ் எழுத்தில் இந்தக் கேடு ஆங்கிலத்தைவிட விரைவில் தெரிந்துவிடும். ‘ண்’, ‘ஞ்’, ‘ழ்’ ஆகியவற்றின் உள்வெளி சிறியது. சிறிய அளவில் கோத்தால் ‘ணு’, ‘ளு’ ஆகியவற்றின் சுழிகள் முதலில் நிறையும். மெய்யெழுத்தின் புள்ளி நிரம்பி, கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிப் பிசிறாகத் தெரியத் தொடங்கினால், மற்ற எழுத்துகள் இன்னும் தெளிவாக இருந்தாலும் எந்திரத்தை நிறுத்திவிடலாம். இன்னும் சற்று நேரத்தில் எல்லாம் அப்படித்தான் ஆகும்.

மேலே சொன்ன ரோலர் சோதனை சரியாக இருந்தால் அடுத்து மை. மைத்தட்டின் மேல் ரோலர் ஓடும்போது எழும் ஒலியைக் கேட்க வேண்டும்: பட்டுத்துணி உரசுவது போன்ற மெல்லிய ஓசை வந்தால் அளவு சரி, பிசுபிசுத்து வெடிப்பதுபோல் ஒலித்தால் மிகுதி. மை மிகுந்துவிட்டால் தட்டைச் சுரண்ட வேண்டியதில்லை. கழிவுத் தாள் ஒன்றை மைத்தட்டின் மேல் படரவிட்டு ரோலரை ஒருமுறை ஓட்டி, தாளை உரித்தெடுத்தால் கொஞ்சம் குறையும். தொடங்கும்போதே பட்டாணி அளவு மை வைத்து, தட்டு முழுக்கப் பரவும்வரை வெறுமனே ஓட்டிவிட்டு, தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

சித்திரை, வைகாசியில் வெப்பத்தால் மை நெகிழ்ந்து ஓடும். காலையில் சரியாக விழுந்த ஃபாரம் மதியத்தில் அடைக்கும். அப்போது மையில் மக்னீசியம் கார்பனேட் பொடியைச் சிறிதளவு கத்தியால் குழைத்துச் சேர்த்தால் இறுகும். தாளின் தூசியும் பஞ்சும் சேர்ந்து அடைத்தால் மாற்று வழி இல்லை: ஃபாரத்தைக் கழுவித்தான் ஆக வேண்டும். ஊசியால் சுழியைக் குடைவது ஈய எழுத்தில் நிரந்தரக் காயம் போடுவதாகும்.

உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் பொட்டுகள்

பெரிய கறுப்புப் பரப்பில்தான் இது தெரியும். சொரசொரப்பான தாளில் ஓரளவு இயல்பானதே. முதுகில் தடம் இருந்தும் பொட்டு இருந்தால் மை மிக இறுகியிருக்கிறது அல்லது குறைவாக இருக்கிறது. தடமும் மெல்லியதாக இருந்தால் ஒரு தாள் பேக்கிங் கூட்டலாம். ஒரே ஃபாரத்தில் கறுப்புப் பரப்பும் சிறிய எழுத்தும் சேர்ந்திருந்தால் இரண்டையும் ஒரே மையில் திருப்திப்படுத்துவது கடினம். இரண்டு ஓட்டமாகப் பிரித்து அடிப்பது கூடுதல் வேலைதான்; ஆனால் வாடிக்கையாளர் கையில் பிடித்துப் பார்ப்பது அச்சைத்தான்.

எழுத்து இழுபட்டு இரட்டையாக விழுகிறது

தாள் எழுத்தைத் தொடும் கணத்தில் ஏதோ ஒன்று நகர்கிறது என்பதே இதன் பொருள். டிம்பன் தளர்ந்திருக்கலாம், விரலால் தட்டினால் தோல்கருவியைப் போல் ஒலிக்க வேண்டும், தொய்ந்திருந்தால் கழற்றி இழுத்துப் பூட்ட வேண்டும். பேக்கிங் மிக மெத்தென்று இருக்கலாம். பெரிய தாளின் நடுப்பகுதி தொங்கி, தட்டு மூடுவதற்கு முன்பே எழுத்தை உரசலாம். அப்போது தாளின் ஓரத்தைப் பிடிக்கும் இரும்புக் கரங்களான கிரிப்பர் இரண்டுக்கும் இடையே ரப்பர் வளையமோ மெல்லிய நூலோ, எழுத்து இல்லாத வெற்றிடத்தின் வழியாகச் செல்லும்படி கட்டித் தாளைத் தட்டோடு பிடிக்க வைக்கலாம்.

இந்தச் சமயத்தில்தான் கிரிப்பரை நகர்த்துவோம். நகர்த்திய பிறகு எந்திரத்தின் கனமான பறக்கும் சக்கரத்தை (ஃபிளைவீல்) கையால் சுற்றி, தட்டை மெதுவாக மூடி, கிரிப்பரும் கேஜ் பின்னும் எந்த எழுத்தின் மேலும் உட்காரவில்லை என்று கண்ணால் பார்க்காமல் எந்திரத்தை ஓட்டவே கூடாது. இரும்புக் கிரிப்பர் ஒருமுறை ஈய எழுத்தின் மேல் இறங்கினால் ஒரு வரி முழுவதும் தட்டையாகிவிடும்.

மை பசையாக இருந்து, தாள் தட்டைவிட்டு எழுத்தோடு ஒட்டிக்கொண்டு போனாலும் இழுபடும். அப்படி ஒட்டிக்கொண்ட தாளையோ, கோணலாக உட்கார்ந்த தாளையோ பிடிக்க எந்திரம் ஓடும்போது கையை உள்ளே விடக் கூடாது. அழுத்தத்தை விலக்கும் த்ரோ-ஆஃப் நெம்புகோலைத் தள்ளி, அந்த ஒரு தாள் வீணாகப் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். பறக்கும் சக்கரத்தின் எடை உடனே நிற்க விடாது; மோட்டார் பூட்டிய எந்திரம் விரலைக் கண்டு நிற்பதும் இல்லை.

எழுத்துக்கு இடையே கறுப்புக் கட்டைகள் அச்சாகின்றன

வெற்றிடத்துக்காக வைத்த ஸ்பேஸும் குவாடும், வரிகளுக்கு இடையே வைத்த ஈயத்தகடும் எழுத்தைவிட உயரம் குறைந்தவை. மை படக் கூடாதவை. ஓட்டத்தின் நடுவே அவை சிறிது சிறிதாக மேலே ஏறி, சொற்களுக்கு இடையே கறுப்புச் சதுரமாகத் தலைகாட்டுகின்றன. இவற்றை ஊசியால் கீழே அழுத்திவிட்டு மறுபடி ஓட்டுவது எல்லா அச்சகத்திலும் நடக்கிறது. ஐம்பது தாளில் மறுபடி ஏறும். ஏறுவது ஏன் என்று பார்த்தால்தான் தீரும்.

முதற்காரணம் வரி நிரவப்படாமை. கம்போசிங் ஸ்டிக்கில் (எழுத்துக் கோக்கும் கைச்சட்டம்) ஒரு வரியைக் கோத்து முடித்ததும், அதன் இருமுனையும் ஸ்டிக்கின் சுவர்களைத் தொட்டு, வரி தானாகவே நிற்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும்; சற்று முன்னுக்குச் சாய்த்தாலும் விழாமல் நிற்க வேண்டும்; அதேசமயம் கட்டைவிரலால் தள்ளினால் நகர வேண்டும். ஒரு வரி தளர்வாகவும் அடுத்த வரி இறுக்கமாகவும் இருந்தால், குவாயின்களை (சேஸுக்குள் ஃபாரத்தை இறுக்கும் ஆப்புகள்) எவ்வளவு முறுக்கினாலும் இறுக்கம் அந்த இறுக்கமான வரிக்குத்தான் போகும். தளர்ந்த வரி உள்ளுக்குள் ஆடிக்கொண்டே இருக்கும். சேஸை இன்னும் இறுக்குவது இதற்கு விடையாகாது. அந்த வரியைத் திரும்ப ஸ்டிக்கில் எடுத்து மெல்லிய ஸ்பேஸ் சேர்ப்பதே விடை.

இரண்டாவது, பக்கத்தின் நீளவாக்குக் கட்டையும் அகலவாக்குக் கட்டையும் மூலையில் ஒன்றையொன்று முட்டிக்கொள்வது. முட்டிக்கொண்டால் இறுக்கம் எழுத்துக்குப் போகாமல் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலேயே நின்றுவிடும். எழுத்தைச் சுற்றிக் கட்டை வைக்கும்போது ஒவ்வொன்றும் அடுத்ததைத் தாண்டி நீளும்படி, சுழல் வட்டமாக அடுக்கினால் முட்டாது. மரக்கட்டை மழைக்காலத்தில் ஊதும். வளைந்த கட்டையை, ஃபாரம் பூட்டும் சமதளக் கல்லின் மேல் வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியும், அதைத் தனியே எடுத்து எறிந்துவிடலாம்.

மூன்றாவது, மிகையான இறுக்கம். குவாயினை முழு பலத்தோடு முறுக்கினால் சேஸ் மெல்ல வளைந்து, ஃபாரத்தின் நடுப்பகுதி வில்லாக எழும்பும். எழும்பியது ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மேலும் கீழும் அசைந்து ஸ்பேஸைத் தள்ளிக்கொண்டே வரும். பூட்டும் வரிசை இதுதான்: குவாயின்களை விரலால் மட்டும் இறுக்கி, சமதட்டு மரத்தை எழுத்தின் மேல் வைத்து மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டி எல்லா எழுத்தையும் கல்லில் உட்கார வைத்து, பிறகு பக்கவாட்டுக் குவாயினையும் கீழ்க் குவாயினையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இறுக்கி முடித்த பிறகு தட்டக் கூடாது. எழுந்து நிற்கும் எழுத்தை அப்போது அடித்தால் அடியில் இறங்காது, முகம்தான் நசுங்கும்.

சோதனை எளிது. சேஸின் ஒரு மூலைக்கு அடியில் குவாயின் சாவியை வைத்துச் சற்றே தூக்கி, எழுத்துகளின் மேல் விரல் நுனியால் அங்கங்கே அழுத்த வேண்டும். எதுவும் அசையவில்லை என்றால் எந்திரத்தில் ஏற்றலாம். அசைந்தால், அசைந்த வரியைக் குறித்துக்கொண்டு பூட்டைத் திறக்க வேண்டும்.

தாளின் முதுகில் புடைத்துக்கொண்டு வருகிறது

இதைக் குறை என்று சொல்வதா, கேட்டு வாங்கிய அழகு என்று சொல்வதா என்பது வாடிக்கையாளரைப் பொறுத்தது. பழைய அச்சுத்தொழிலாளர்கள் முதுகில் விரல் தடவி ஒன்றும் தெரியாததைத்தான் நல்ல அச்சு என்றார்கள். எழுத்து தாளைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும், குத்தக் கூடாது. இன்று ஆழமான தடத்துக்குத்தான் விலை. அந்த ஆழம் வேண்டுமானால் ஈய எழுத்தை அதற்குப் பலி கொடுக்க வேண்டாம். ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்து வார்த்த எழுத்து, அச்சைத் தொட்டு எடுப்பதற்கானது. கனமான பருத்தித் தாளில் ஆழப் பதிய வைத்தால் அதன் விளிம்பு விரைவில் மழுங்கும். ஆழமான வேலைக்குப் போட்டோபாலிமர் தகடு (பிளாஸ்டிக் அச்சுத்தகடு) எடுத்து, அலுமினிய அடித்தளத்தில் ஒட்டி, அழுத்தத்தைத் தாங்கும் கனமான தாளில் மெத்தென்ற பேக்கிங் இல்லாமல் அடிப்பதே சரி. நீரில் கழுவி உருவாக்கும் பாலிமர் தகட்டைத் துடைக்க நீர் கூடாது, ஊதி வளைந்துவிடும். துடைத்து உலர்த்தி, காற்றுப் புகாத உறையில் தட்டையாக வைக்க வேண்டும்.

ஆழம் கேட்காத வேலையில் முதுகு புடைத்தால் பேக்கிங்கைக் குறைப்பதைத் தவிர வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

இரண்டாம் நிறம் இடம் மாறி விழுகிறது

முதலில் தாளைச் சந்தேகிக்க வேண்டும். வெட்டும் எந்திரத்தில் நேர்கோணம் தவறிய தாளை எந்தக் கேஜ் பின்னும் காப்பாற்றாது. தாள்கட்டிலிருந்து இரண்டை எடுத்து ஒன்றைத் திருப்பி மற்றதன் மேல் வைத்தால் கோணல் தெரிந்துவிடும். தாள் நேராக இருந்தால், கீழே இரண்டு, பக்கத்தில் ஒன்று என மூன்று பின்களும் டிம்பனில் அசையாமல் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கீழ்ப் பின்கள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்தால் தாள் சுழலும். நல்ல இடைவெளி விட்டுத் தாளின் ஓரங்களை ஒட்டி வைப்பது நல்லது. முதல் நிறத்துக்குத் தொட்ட அதே இரண்டு விளிம்புகளே இரண்டாம் நிறத்துக்கும் பின்னைத் தொட வேண்டும். முதல் நிறம் அடித்து ஈரக்காற்றில் ஒரு வாரம் வைத்த தாள் அளவு மாறியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மை காயவில்லை; அடுத்த தாளின் முதுகில் ஒட்டுகிறது

எண்ணெய் அடிப்படையிலான மை காற்றில் உள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இந்த வேலை மெதுவாக நடக்கும். ரப்பர் அடிப்படையிலான மை எந்திரத்தில் மணிக்கணக்கில் தோல் கட்டாமல் இருக்கும் என்பது அதன் வசதி. தாளுக்குள் உறிஞ்சப்பட்டுத்தான் அது நிலைபெறுகிறது என்பதால் பளபளப்புப் பூச்சுள்ள ஆர்ட் தாளில் நாட்கணக்கில் கையில் ஒட்டும். ஆகவே முதலில் மையையும் தாளையும் பொருத்திப் பார்க்க வேண்டும். அதன் பிறகு மை அளவைக் குறைத்து, தாள்களை உயரமாக அடுக்காமல் சிறு சிறு கட்டுகளாகப் பரப்பி, தேவைப்பட்டால் இடையே வெற்றுத்தாள் வைக்கலாம். உலர்த்தியைச் சில துளி சேர்ப்பதில் தவறில்லை. அளவு மீறினால் தாளில் காய்வதற்கு முன்பே ரோலரில் காய்ந்து நிற்கும்.

எந்திரம் முட்டுகிறது, இறுகுகிறது, முனகுகிறது

ஓட்டத்தில் திடீரென்று இறுகி நின்றால் விசையைக் கூட்டித் தாண்டச் செய்யக் கூடாது. பறக்கும் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றித் தட்டைத் திறந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் படுகையில் மறந்துவிட்ட குவாயின் சாவியோ, இரட்டையாகப் போன அட்டையோ, மிதமிஞ்சிய பேக்கிங்கோ இருக்கும். இந்த எந்திரங்களின் உடல் வார்ப்பிரும்பு. அது வளையாது, விரிசல் விடும்.

சீராக முனகினால் எண்ணெய் இல்லை. பழைய எந்திரத்தில் எண்ணெய்த் துளைகள் பல தலைமுறைப் பெயின்டாலும் பிசுக்காலும் மூடிக்கிடக்கும். எங்கெல்லாம் ஒரு தண்டு சுழல்கிறதோ அங்கெல்லாம் துளை இருக்கும் என்று தேடி, மெல்லிய கம்பியால் குடைந்து திறந்து, ஒவ்வொரு நாளும் ஓட்டத்துக்கு முன் சில துளி விட வேண்டும். எஸ்.ஏ.ஈ. 30 தரமுள்ள சாதாரண எந்திர எண்ணெய் போதும். விட்ட எண்ணெய் கறுத்து வெளியே வந்தால் உள்ளே இருந்த அழுக்கு வெளியேறுகிறது. தெளிவாக வரத் தொடங்கினால் உள்ளே அழுக்கு இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

ரோலர் பரப்பில் தட்டையான இடம், விரிசல், கண்ணாடிப் பளபளப்பு

இரவு முழுவதும் ரோலரை மைத்தட்டின் மேலோ ஃபாரத்தின் மேலோ நிறுத்திவிட்டுப் போனால் தட்டை விழும். காலையில் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் அச்சில் ஒரு வெளிறிய பட்டையாகத் திரும்பத் திரும்ப வரும். வேலை முடிந்ததும் கழற்றி, பரப்பு எதையும் தொடாதபடி தண்டின் முனைகளில் தாங்கிச் செங்குத்தாகவோ சட்டத்தில் தொங்கவிட்டோ, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். பசையும் கிளிசரினும் சேர்த்து வார்த்த பழைய வகை ரோலர் கோடை வெப்பத்தில் உருகும், மழையில் ஊதும். ரப்பர் ரோலருக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் காய்ந்த மைப் படலம் ஏறிப் பளபளத்துவிட்டால் அது மையை ஏந்தாது. அப்படிப்பட்ட ரோலரைக் கழுவு திரவத்தால் திரும்பத் திரும்பத் துடைத்து, வெள்ளைத் துணியில் நிறம் வருவது நிற்கும்வரை விடக் கூடாது. அதன் பிறகும் கையில் வழுக்கினால் புது ரப்பர் ஏற்றக் கொடுப்பதுதான் வழி.

துடைத்த துணிகளைக் குவித்து வைக்கக் கூடாது. ஆளி விதை எண்ணெய் கலந்த மையும் கழுவு திரவமும் படிந்த துணிக்குவியல் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மூடியுள்ள தகர டப்பாவில் நீர் ஊற்றி அதில் போட வேண்டும்.

ஈய எழுத்தின் மேல் வெள்ளைப் பூச்சு

மரப்பெட்டியில் ஈரமும் மரத்திலிருந்து வரும் அமிலக் காற்றும் சேர்ந்து ஈயத்தை அரித்த பூச்சு இது, நச்சுப் பொடி. ஊதவும் உலர்ந்த துடைப்பானால் தட்டவும் கூடாது. முகமூடியும் கையுறையும் அணிந்து, கெரசின் நனைத்த மென்மையான தூரிகையால் ஈரமாகவே துடைக்க வேண்டும். அரிப்பு முகத்தை எட்டியிருந்தால் அந்த எழுத்து பழைய ஈயத்துக்குத்தான் போக வேண்டும். சாதாரண நாளிலும் ஓட்டம் முடிந்தவுடன், மை காய்வதற்கு முன்பே எழுத்தைக் கழுவி, துணியால் ஒற்றி, முற்றிலும் உலர்ந்த பிறகே பெட்டியில் பிரித்துப் போட வேண்டும். எழுத்தைத் தொட்ட கையால் தேநீர்க் குவளையைத் தொடும் பழக்கம் பல அச்சகங்களில் இருந்தது. அதைத் தொடர வேண்டிய அவசியம் இல்லை.

எண் பெட்டி நகரவில்லை. துளைக்கோடு ரோலரைக் கிழிக்கிறது

வரிசை எண் அச்சிடும் எண் பெட்டியின் முன்னால் இருக்கும் அழுத்துமுனை எழுத்தைவிட உயரமாக நிற்கும். அது உள்ளே போய் வந்தால்தான் சக்கரம் அடுத்த எண்ணுக்குத் திரும்பும். ஒரே எண் திரும்பத் திரும்ப விழுந்தால், பக்கவாட்டில் பூட்டு அதிகமாக இறுகிப் பெட்டியின் சுவரை நெரிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பூட்டைச் சற்றுத் தளர்த்தியும் நகரவில்லை என்றால் பெட்டியைக் கழற்றிக் கெரசினில் ஊறவிட்டு, அழுத்துமுனையைக் கையால் பலமுறை அழுத்தி, காய்ந்த மை கரைந்து வெளியேறிய பிறகு மெல்லிய எண்ணெய் ஒரு துளி விட வேண்டும். உயர்ந்து நிற்கும் அந்த முனை ரோலரில் நாள்பட ஒரு பள்ளம் போடும் என்பதால், எண் வேலைக்கென்று பழைய ரோலர்களைத் தனியே ஒதுக்கி வைத்திருப்பது வழக்கம். துளைக்கோட்டுக்கான எஃகுப் பட்டையோ ரோலரை நேராகவே வெட்டிவிடும். மை தேவையில்லாத அந்த ஓட்டத்துக்கு ரோலர்களை முழுவதும் கழற்றிவிட்டு, தட்டின் மேல் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை ஒட்டி, பட்டை தாளை ஊடுருவி அந்தத் தகட்டைத் தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் அழுத்தம் வைக்க வேண்டும்.